‘ரூல் நம்பர் என்ன?’ – எஃப்ஆர்சி ரோபோ போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் விதி தேடும் வழி

எடை மெஷினில் 119.4 என்று வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா ரோபோவை இறக்கச் சொல்லி, மெஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றச் சொன்னார். மறுபடியும் 119.4. “லிமிட் 115” என்றார், பஸ்ஸில் சில்லறை கேட்கிற குரலில். எங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜனவரியில் “125 பவுண்டு வரைக்கும் போகலாம்” என்று சொன்னவள் நான்தான்.

2025 மார்ச், மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு மாவட்டப் போட்டி. எங்களுடையது முதல் வருட டீம். என் மகள் சேர்ந்தாள், பெரியவர்கள் கை கொடுக்க வேண்டும் என்றார்கள், நானும் டீமுக்கு வழிகாட்டும் மென்டார் ஆனேன். யாரோ அனுப்பிய வழிகாட்டி பிடிஎஃப் ஒன்றிலிருந்துதான் அந்த 125-ஐ எடுத்தேன். பொய்யில்லை, 2024-இல் வரம்பு அதுதான். 2025-இல் 115 ஆகக் குறைத்துவிட்டார்கள். போட்டி விதிகள் அடங்கிய மேனுவலில் ஆர்103 என்ற விதியில் ஒற்றை வரியில் பளிச்சென்று இருந்தது. நான் சோறு தின்பது கார் உதிரிபாகத் தரக்கட்டுப்பாட்டு வேலையில். ட்ராயிங்கின் மூலையில், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எழுத்தைப் பார்க்காமல் கேலிப்பரைக் கையில் எடுக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் வருஷம் பார்க்காமல் ஒரு எண்ணை நம்பினேன்.

அந்த சீசனில் இப்படி இன்னும் மூன்று நான்கு இடத்தில் முட்டிக்கொண்டோம். எஃப்ஆர்சி, அதாவது பள்ளி மாணவர்கள் டீமாக ரோபோ கட்டி மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பிடிஷன், இதில் புதிதாக இறங்கும் பெற்றோர், மென்டார், மாணவர்கள் யாராக இருந்தாலும் இந்த வரிசையில் போனால் அந்த முட்டலெல்லாம் மிச்சம். ஃபர்ஸ்டின் மற்ற போட்டிகளான எஃப்டிசி, எஃப்எல்எல் இவற்றுக்கு மேனுவல் தனி. அதற்கு இதில் உள்ள எண்களை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

1. எது விதி, எது பேச்சு என்று முதலில் பிரியுங்கள்

விதி என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டு: அந்த வருஷத்து கேம் மேனுவல், அதைத் திருத்தி வரும் டீம் அப்டேட். இவற்றுக்கு விளக்கம் தருவது கியூ அண்ட் ஏ என்ற அதிகாரபூர்வக் கேள்வி-பதில் ஏற்பாடு. போட்டி நடக்கும் இடத்தில் தீர்ப்பு சொல்கிறவர்கள் ஹெட் ரெஃப்ரியும் லீட் ரோபோ இன்ஸ்பெக்டரும்.

மற்றதெல்லாம் பேச்சு. பக்கத்து டீம் மென்டார் சொன்னது, டிஸ்கார்டில் ஒரு பையன் அடித்துச் சொன்னது, யூடியூபில் பார்த்தது, பத்து வருஷ அனுபவஸ்தர் ஞாபகத்திலிருந்து சொன்னது எல்லாம் இதில் சேர்த்தி. அனுபவஸ்தரிடம் கொஞ்சம் கூடுதலாகவே உஷாராக இருங்கள். அவர் தலைக்குள் பத்து வருஷத்து விதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பெரிய விதிமீறலுக்கு 2024 மேனுவலில் ‘டெக் ஃபவுல்’ என்று இருந்தது 2025-இல் ‘மேஜர் ஃபவுல்’ ஆகி, புள்ளியும் 5-இலிருந்து 6 ஆயிற்று. ஆனால் பிட்டில், அதாவது டீம்கள் ரோபோவைப் பழுதுபார்க்கும் இடத்தில், எல்லோரும் இன்னமும் டெக் ஃபவுல் என்றுதான் சொல்கிறார்கள்.

ஏஐ செயலிகளிடம் விதி கேட்பது இப்போது பிள்ளைகளுக்குப் பழக்கம். எங்களிடம் ஒருவன் கேட்டு வந்தான். விதி எண்ணோடு, மேற்கோள் மாதிரியே, மிக அழகாக வந்தது பதில். எண் ஒரு வருஷத்துடையது, வாசகம் இன்னொரு வருஷத்துடையது. எந்தப் பகுதியில் தேடலாம் என்று தெரிந்துகொள்ள அதைக் கேளுங்கள், பதிலை மேனுவலில் போய்ப் பாருங்கள்.

யார் எதைச் சொன்னாலும் “ரூல் நம்பர் என்ன?” என்று கேட்டுப் பழகுங்கள். சண்டைக்காரத் தொனியில் வேண்டாம், “ஓ, எங்க இருக்கு அது?” என்று கேட்டால் போதும். எண் சொல்லத் தெரிந்தால் ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம். தெரியாவிட்டால் அது பேச்சுதான்.

2. மேனுவலை இறக்குங்கள், முதல் பக்கத்தில் வருஷத்தைப் பாருங்கள்

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி முதல் பாதியில் ஒரு சனிக்கிழமை, அந்த வருஷத்து விளையாட்டை அறிவிக்கும் கிக்‌ஆஃப். 2025-இல் ஜனவரி 4, ரீஃப்ஸ்கேப் என்ற விளையாட்டு. 2026-இல் ஜனவரி 10, ரீபில்ட். அன்றைக்குத்தான் புது மேனுவல் வெளிவரும். முன்கூட்டியே பூட்டிய கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, கிக்‌ஆஃப் ஒளிபரப்பில் சொல்லும் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தோம். செலவு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், டீமில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை.

150 பக்கத்துக்கு மேல் இருக்கும். நான் பார்த்தவரை புது டீம்கள் எல்லாம் செய்யும் தப்பு, விளையாட்டுப் பகுதியை மட்டும் ஆசை ஆசையாகப் படித்துவிட்டு, ரோபோ கட்டும் விதிகளை ‘அப்புறம்’ என்று வைப்பது. அந்த அப்புறம் மார்ச்சில் எடை மெஷின் மேல் வந்து நிற்கும்.

எங்கள் இரண்டாம் வருஷ ஏற்பாடு இது. கிக்‌ஆஃப் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விதிப் பகுதிகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டோம். மின்சாரம் ஒருத்தி, ரோபோவைச் சுற்றிப் போடும் மெத்தையான பம்பர் ஒருவன், எடை-அளவு ஒருவன் என்று. அவரவர் பகுதியில் மற்றவர்கள் கேட்கும் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு பெட்டி பீட்ஸா.

அச்செடுப்பதா வேண்டாமா என்றால், ரோபோ விதிகளை மட்டும் அச்செடுங்கள். முழுதையும் நான் முதல் வருஷம் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டு முப்பது டாலர் செலவழித்தேன். மூன்றே நாளில் முதல் அப்டேட் வந்து சில பக்கங்கள் பழசாகிவிட்டன.

இன்னொன்று. மேனுவலுக்குச் சில மொழிகளில் மொழிபெயர்ப்பு வருவதுண்டு. முரண் வந்தால் ஆங்கில மூலம்தான் செல்லும். வீட்டில் பாட்டிக்குப் புரியவைக்கத் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். பட்டறையில் மூல வாசகத்தையே சத்தமாக வாசியுங்கள்.

3. எழுத்தையும் எண்ணையும் பழகுங்கள்

விதி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு எழுத்து, பின்னால் மூன்று இலக்கம். ஜி என்றால் விளையாட்டு, ஆர் என்றால் ரோபோ, ஐ என்றால் இன்ஸ்பெக்‌ஷன், டி என்றால் டோர்னமென்ட் நடைமுறை, இ என்றால் போட்டி வளாக ஒழுங்கு. ஆர் வரிசையின் உள்பிரிவு தெரிந்தால் பாதித் தேடல் முடிந்தது: 100 வரிசை பொதுவடிவம், அளவு, எடை. 200 பாதுகாப்பு. 300 செலவும் உருவாக்கமும். 400 பம்பர். 500 மோட்டார். 600 மின்சாரம். 700 கட்டுப்பாட்டுக் கருவிகள். 800 காற்றழுத்தம். 900 ஓட்டுநர் மேசை.

இந்தச் சட்டகம் வருஷா வருஷம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் எண்களும் அளவுகளும்தான் நகரும். தொடக்க நிலையில் ரோபோவின் உயரம் 2024-இல் 4 அடி வரை போகலாம், 2025-இல் மூன்றரை அடிதான். வெளியே நீட்டிக்கொள்ள 2024-இல் 12 அங்குலம், 2025-இல் 18. ஆகவே பழைய அட்டவணையை அப்படியே நகல் எடுத்தால் ஓரிடத்தில் கூட்டி, ஓரிடத்தில் குறைத்து, கச்சிதமாகத் தப்பான ரோபோ கட்டிவிடலாம்.

300 வரிசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புது டீம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு கண்ணி அங்கே இருக்கிறது. ஒன்று விலை: 2025-இல் தனி ஒரு பொருளின் சந்தை விலை 600 டாலரைத் தாண்டக்கூடாது. தள்ளுபடியில் வாங்கினேன், மாமா இனாமாகக் கொடுத்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது, பார்ப்பது சந்தை விலையைத்தான். இரண்டாவது, கிக்‌ஆஃபுக்கு முன்னால் செய்தது. முன்பே வெட்டி ஒட்டிச் செய்த பாகங்களை, சில விலக்குகள் போக, ரோபோவில் போட முடியாது. முன்பே எழுதிய நிரலும் வரைபடமும் என்றால், கிக்‌ஆஃபுக்கு முன்னாலேயே எல்லோரும் பார்க்கும்படி பொதுவெளியில் போட்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டாவதில் நாங்கள் மயிரிழையில் தப்பினோம். அக்டோபர், நவம்பரில் பிள்ளைகள் பழைய ரோபோ ஒன்றை இரவல் வாங்கி அதற்கு நிரல் எழுதிப் பழகினார்கள். நிரல் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் பூட்டி வைத்திருந்தார்கள், ‘மத்த டீம் பாத்துருவாங்க’ என்று. டிசம்பர் கடைசியில் பள்ளி நூலகத்தில் சந்தித்த ஒரு மூத்த மாணவி போகிற போக்கில் கேட்டாள், “பப்ளிக் பண்ணிட்டீங்களா ஆன்ட்டி?” அன்றிரவே திறந்துவிட்டோம்.

4. மேனுவலின் சொல்லில் தேடுங்கள், விதியைக் கடைசி வரி வரை படியுங்கள்

பிடிஎஃபில் தேடும்போது உங்கள் வாயில் வரும் சொல்லைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. மேனுவலுக்கு என்று தனி அகராதி இருக்கிறது, கடைசிப் பகுதியில். மேனுவலுக்குள் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) அச்சான சொல் எதைப் பார்த்தாலும் அந்த அகராதிக்குப் போங்கள். அங்கே அதற்கு ஒரு தனிப் பொருள் இருக்கும், தெருவில் புழங்கும் பொருள் செல்லாது.

உதாரணம், ‘கன்ட்ரோல்’. ரீஃப்ஸ்கேப்பில் ஒரு ரோபோ ஒரே நேரத்தில் விளையாட்டுப் பொருள்களில் ஒரு கோரல், ஒரு ஆல்கே மட்டும்தான் கன்ட்ரோல் செய்யலாம். தூக்கி வைத்திருந்தால்தானே கன்ட்ரோல் என்று எங்கள் ஓட்டுநர் நினைத்திருந்தான். வேண்டுமென்றே ஒரு திசைக்குத் தள்ளிக்கொண்டு போனாலும் அதே பெயர்தான். காலங்களும் அப்படியே. ‘மொமென்டரி’ என்றால் சுமார் 3 விநாடிக்குள், ‘கன்டினியுவஸ்’ என்றால் சுமார் 10 விநாடிக்கு மேல். கண் இமைக்கும் நேரம் என்றெல்லாம் நாம் விரித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது, விதியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 600 வரிசையில் வயர் தடிமன் அட்டவணை ஒன்று உண்டு. 40 ஆம்பியர் பிரேக்கருக்கு 12 கேஜ், 30-க்கு 14, 20-க்கு 18. இந்தக் கேஜில் எண் ஏற ஏற வயர் மெலியும். 14 பெரிய எண்தானே என்று 40 ஆம்பியருக்கு 14 போட்டுவிட்டான் ஒருவன், அதை வீட்டிலேயே பிடித்துவிட்டோம். பிடித்த கையோடு இன்னொருத்தி பதறினாள்: “மோட்டார்லேயே ஒட்டி வர்ற வயர் ஒல்லியா இருக்கே!” அன்று மாலை முழுக்க அதைப் பற்றியே பேச்சு. வேறு மோட்டார் வாங்குவதா, விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று கணக்குப் போட்டு, நானும் கார்டை எடுத்துவிட்டேன். அட்டவணைக்குக் கீழேயே எழுதியிருந்தது: அனுமதிக்கப்பட்ட கருவியோடு ஒட்டியே வரும் வயர் கருவியின் பாகம், அதற்கு இந்த விதி பொருந்தாது. பக்கம் திரும்பியிருந்தது, நாங்கள் திருப்பவில்லை.

‘அவர்கள் இதைத்தான் நினைத்திருப்பார்கள்’ என்று உள்நோக்கம் தேடுவதும் வேண்டாம். எழுதியிருப்பதற்கு எழுதியிருப்பது மட்டுமே பொருள், மறைவான நிபந்தனை எதுவும் கிடையாது என்று மேனுவலே முன்னுரையில் சொல்லிவிடுகிறது. நம்மூர் அரசு விண்ணப்பங்களில் அடிபட்டு வந்தவர்களுக்கு இதை நம்பக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

5. நீலப் பெட்டி விதி அல்ல

பல விதிகளுக்கு அடியில் நீலநிறப் பெட்டியில் விளக்கம் இருக்கும். ஏன் இந்த விதி, எதை எப்படிப் புரிந்துகொள்வது, நல்ல வழக்கம் எது என்றெல்லாம். படிக்க எளிது, ஆகவே பிள்ளைகள் அதை மட்டும் படிப்பார்கள். பெட்டியும் மேனுவலின் பகுதிதான், ஆனால் விதியோடு முரண்பட்டால் விதிதான் நிற்கும். இன்ஸ்பெக்டரிடம் வாதிடப் போகும்போது பெட்டியிலிருந்து மேற்கோள் காட்டினால் பாதிச் சான்றுதான்.

6. செவ்வாயும் வெள்ளியும்

கிக்‌ஆஃபுக்கு அடுத்த செவ்வாயிலிருந்து போட்டி வாரங்கள் தொடங்கும்வரை வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், டீம் அப்டேட் வரும். போட்டிகள் தொடங்கிய பிறகு செவ்வாய் மட்டும். கிழக்கு நேரப்படி மாலை ஐந்துக்குள் வந்துவிடும் என்பது வழக்கம். சேர்த்தது மஞ்சளில், நீக்கியது குறுக்கே கோடு போட்டு. சில நாள் அரைப் பக்கம், சில நாள் நான்கு பக்கம். மேனுவல் கோப்பிலும் அந்தத் திருத்தம் ஏறிவிடும்.

ஆகவே உங்கள் மடிக்கணினியில் கிடக்கும் பிடிஎஃப் ஒரு வாரம் பழையதாக இருந்தால் அது பழைய ரிவிஷன். நாங்கள் செவ்வாய் மாலைக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்கினோம். ஒருவர் எழுந்து நின்று அப்டேட்டை வாசிப்பார், யார் பகுதி பாதிக்கப்படுகிறதோ அவர் கை தூக்குவார், பட்டறைச் சுவரில் ஒட்டிய தாளில் தேதி எழுதுவார். ‘இன்னிக்கு ஒண்ணுமில்ல’ என்றாலும் தேதி எழுத வேண்டும். எழுதாத நாள் பார்க்காத நாள் என்று கணக்கு.

மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் டீமுக்கான அதிகாரபூர்வ அஞ்சல்கள் பதிவில் தலைமை மென்டாராக இருப்பவருக்குத்தான் வந்துகொண்டிருந்தன. எங்கள் தலைமை மென்டார் ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய பள்ளி அஞ்சல் பெட்டியில் நான்கு வாரத்து அஞ்சல் படிக்கப்படாமல் ஸ்பேமில் கிடந்தது.

7. கியூ அண்ட் ஏ: முதலில் படியுங்கள், பிறகு கேளுங்கள்

கிக்‌ஆஃப் முடிந்து சில நாளில் திறக்கும். 2025-இல் ஜனவரி 8, புதன்கிழமை திறந்தது. படிக்க யாரும் படிக்கலாம். கேட்பதற்கு டீமின் பதிவுக் கணக்கு வேண்டும், ஆகவே அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதை டிசம்பரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது.

விதி எண்ணைப் போட்டுத் தேடினால் அந்த விதி பற்றி மற்ற டீம்கள் கேட்டது எல்லாம் வரும். நமக்கு வந்த சந்தேகம் அநேகமாக வேறு யாருக்கோ முதல் வாரமே வந்திருக்கும். நாங்கள் கேட்க நினைத்த ஐந்தில் நான்குக்கு அங்கேயே பதில் இருந்தது.

ஐந்தாவதைக் கேட்டோம், சொதப்பினோம். கேள்வி இப்படி: ‘எங்கள் கையின் படம் இணைப்பில் உள்ளது. இது விதிக்கு உட்பட்டதா?’ மூன்று நாள் காத்திருந்தோம். குறிப்பிட்ட வடிவமைப்பை இங்கே பரிசீலிப்பதில்லை என்று மரியாதையாக இரண்டு வரி வந்தது. மேனுவலிலேயே அதை எழுதியிருக்கிறார்கள்: வடிவமைப்புச் சோதனை, தெளிவில்லாத சூழ்நிலை, நடந்து முடிந்த போட்டியின் தீர்ப்பு, இவற்றுக்கு அங்கே பதில் இல்லை.

கேட்க வேண்டிய விதம் வேறு. விதி எண்ணைச் சொல்லுங்கள். அதில் எந்தச் சொல் இரண்டு விதமாகப் பொருள்படுகிறது என்று காட்டுங்கள். ஒரே ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். ஆம், இல்லை என்று முடியும்படி கேளுங்கள். இப்படி: ‘ஆர் இன்ன எண் விதியில் நீட்சி என்ற சொல் வருகிறது. ரோபோ சுழலும்போது விசையால் வெளியே வீசப்படும் மென்மையான ரப்பர் குழாயும் அந்தச் சொல்லில் அடங்குமா?’ ரோபோவின் படம் வேண்டாம், ரகசியமும் வெளியே போகாது. கேள்வி எல்லோருக்கும் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

பதில் வந்தால் கேள்வி எண்ணோடு ஒரு தாளில் அச்செடுத்து வையுங்கள். அந்தப் பதில் மேனுவல் வாசகத்தை மீறாது, போட்டி நாளில் இறுதி வார்த்தை இன்ஸ்பெக்டர், ரெஃப்ரியுடையதுதான். ஆனாலும் தாளோடு போகிறவரைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

8. இன்ஸ்பெக்‌ஷனை வீட்டிலேயே ஒருமுறை நடத்துங்கள்

இன்ஸ்பெக்டர்கள் கையில் வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியல் ரகசியமல்ல, ஒவ்வொரு வருஷமும் வெளியிடுகிறார்கள். முதல் வருஷம் எங்களுக்கு இது தெரியாது. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அதை அச்செடுத்து, ரோபோ கட்டாத ஒருவரிடம் கொடுத்து வரிவரியாகக் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் ஒரு பிள்ளையின் அப்பாவை உட்கார வைத்தோம். அவருக்கு ரோபோ பற்றி ஒன்றும் தெரியாது, அதுதான் தகுதி. “இதைக் காட்டு” என்று பட்டியலைப் படித்தே ஏழு குறை கண்டுபிடித்தார்.

எடை போடும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஆர்103-ஐத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள். 2025-இல் பம்பரும் பேட்டரியும் 115-இல் சேராது. மாற்றி மாற்றிப் பொருத்தும் பாகங்கள் இருந்தால் அவை எப்படிக் கணக்கில் வரும் என்பதையும் மேனுவலிலேயே பாருங்கள். குளியலறை எடை மெஷின் இந்த வேலைக்கு ஆகாது. ரோபோவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறி நின்று கழித்தால் இரண்டு மூன்று பவுண்டு வித்தியாசம் காட்டும், முதுகும் போகும். பக்கத்து மூத்த டீமிடம் கேட்டால் தங்கள் மெஷினைத் தருவார்கள். எங்களுக்குத் தந்தார்கள், அடுத்த வருஷம்.

முதல் வருஷம் 4.4 பவுண்டைக் குறைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ரோபோவின் வயிற்றில் கால் அங்குல அலுமினியத் தட்டு ஒன்று இருந்தது, ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று நானே வாங்கிக் கொடுத்தது. ஒரு சதுர அடிக்கு மூன்றரை பவுண்டு. அதைக் கழற்றி, பக்கத்து பிட் கொடுத்த பிளாஸ்டிக் விளம்பரப் பலகைத் துண்டில் மின்கருவிகளை மாற்றிப் பொருத்தினார்கள். மீதிக்கு ஒரு பாதுகாப்புத் தகடும் கேமரா தாங்கியும் போயின. இரண்டேகால் மணி நேரம். மாற்றம் செய்தால் மறு இன்ஸ்பெக்‌ஷன் வேண்டும், அது முடியும்வரை தகுதிச்சுற்று ஆட முடியாது. முதல் மேட்ச்சில் எங்கள் இடம் காலியாக நின்றது, கூட்டணியில் மற்ற இரண்டு டீமும் எங்களுக்கும் சேர்த்து ஆடினார்கள்.

9. போட்டி நாளில் யாரிடம், எப்படி

ரோபோ பற்றிய சந்தேகம் என்றால் இன்ஸ்பெக்‌ஷன் மேசை. ஒரு இன்ஸ்பெக்டர் சொன்னது சரியாகப் படவில்லையா, லீட் ரோபோ இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல, பெரும்பாலும் விடுப்பு போட்டு வந்த தன்னார்வலர்கள். “எந்த விதியைப் பார்க்கணும்?” என்று கேட்டால் மேனுவலை அவர்களே திறந்து காட்டுவார்கள்.

ஆட்டத்தின் தீர்ப்பு பற்றி என்றால் ஹெட் ரெஃப்ரி. அதற்கு மைதானத்தின் ஓரம் தரையில் குறித்த கேள்விப் பெட்டி இருக்கும், அங்கே போய் நிற்க வேண்டும். நிற்பது, மைதானத்தில் ரோபோவை ஓட்டும் டிரைவ் டீமில் உள்ள ஒரே ஒரு மாணவர் மட்டும். பெற்றோர், மென்டார், வக்கீல் அப்பா யாருக்கும் அங்கே இடமில்லை. நான் ஒருமுறை அப்படிப் போன எங்கள் மாணவியின் பின்னாலேயே நாலடி நடந்து போனேன், ஒரு தன்னார்வலர் புன்னகையோடு கையைக் குறுக்கே நீட்டினார்.

வீடியோ கொண்டு போகாதீர்கள். எங்கிருந்து எடுத்த வீடியோவாக இருந்தாலும் படமாக இருந்தாலும் ஹெட் ரெஃப்ரி பார்க்க மாட்டார், இது மேனுவலிலேயே எழுதியிருக்கிறது. மேட்ச் முடிந்ததும் போய் நிற்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் காரியம் ஆகாது. போகும் பிள்ளைக்கு இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: “அந்த மேஜர் ஃபவுல் எந்த விதிப்படி? அடுத்த மேட்ச்சில் நாங்கள் எதைத் தவிர்க்கணும்?” இப்படிக் கேட்ட எங்கள் கேப்டனுக்கு ரெஃப்ரி கை அசைத்து விளக்கிக் காட்டினார். புள்ளி திரும்பி வரவில்லை. ஆனால் அன்று மிச்ச மேட்ச்களில் அந்த ஃபவுல் ஒன்றுகூட விழவில்லை.

10. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரே ஒரு கோப்புறை போதும்: போட்டிக்கு முந்தின செவ்வாய் அப்டேட்டுக்குப் பிறகு எடுத்த ரோபோ விதிகள் அச்சு, நீங்களே நிரப்பிய சரிபார்ப்புப் பட்டியல், உங்களுக்குப் பொருந்தும் கியூ அண்ட் ஏ பதில்கள், சந்தேகம் வரக்கூடிய பாகங்களின் ரசீதும் தயாரிப்பாளர் விவரத் தாளும். மேனுவலை ஃபோனிலும் இறக்கி வையுங்கள், அரங்கத்து இணையத்தை நம்ப முடியாது. மொத்தச் செலவு எங்களுக்குப் பதினோரு டாலர். முதல் வருஷம் தவறான வயருக்கும் பம்பர் துணிக்கும் அவசரக் கூரியருக்கு மட்டும் எண்பத்து நான்கு டாலர் அழுதோம்.

சீசன் முடிந்ததும், மே மாதம், பகிர்வுக் கோப்புறையைத் திறந்து பழைய மேனுவல், பழைய குறிப்பு எல்லாவற்றின் பெயருக்கு முன்னாலும் வருஷத்தைச் சேருங்கள். அந்த 125 பவுண்டு பிடிஎஃபை நான் அழிக்கலாம் என்றேன். என் மகள் விடவில்லை. ‘2024 மட்டும் – அம்மாவைக் கேட்காதே’ என்று பெயர் மாற்றி அங்கேயே வைத்திருக்கிறாள்.